வண்டின் துணையினம் ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதுவது எப்படி: பெயர், வகைப்பாடு, பரவல்

காலை வெயில் ஏறியபின் கொழுந்து மடுவத்துக்குப் போகும் மண்பாதையில் நடந்தால், காலடிக்கு இரண்டு மூன்றடி முன்னால் சிறு வண்டு ஒன்று சட்டென்று எழும்பிப் பறந்து, சற்றுத் தள்ளிப் பாதையிலேயே இறங்கி, நம் பக்கம் திரும்பி நிற்பதைக் காணலாம். இன்னும் ஓரடி வைத்தால் மறுபடியும் அதே ஆட்டம். நீண்ட கால்கள், பிதுங்கிய கண்கள், கத்தரிக்கோலைப் போல ஒன்றன்மேல் ஒன்று படியும் தாடைகள். இதுதான் புலிவண்டு. இதன் உறவினர் ஒன்று வட அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரின் ஓரத்து உவர்ச்சேற்றில் மட்டும் வாழ்கிறது. அதன் பெயர் சோல்ட் கிரீக் புலிவண்டு.

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயிரியல் கற்பிக்கிறேன். விஞ்ஞானக் கண்காட்சிக்கும் சுவர்ச் சஞ்சிகைக்கும் மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் பூச்சிக் கட்டுரைகளைத் திருத்துவது என் வழக்கமான வேலைகளில் ஒன்று. பூச்சி எப்படி இருக்கும், என்ன தின்னும் என்பதையெல்லாம் அவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். தடுமாறுவது மூன்று இடங்களில்தான்: பெயரை எழுதும் முறை, அது எந்த வகுப்பில் எந்தக் கிளையில் சேரும் என்பது, எங்கே வாழ்கிறது என்பதைச் சொல்லும் அளவு. வெளிநாட்டு வண்டு ஒன்றின் துணையினத்தை எடுத்துக்கொண்டால் இந்த மூன்று தடுமாற்றமும் ஒருங்கே வந்துவிடும். ஆகவே சோல்ட் கிரீக் புலிவண்டையே எடுத்துக்காட்டாக வைத்து, ஒவ்வொன்றையும் எப்படிச் சரிபார்த்து எழுதுவது என்று இங்கே சொல்கிறேன். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இதன் பெயர் நூறு ஆண்டுகளுக்குள் தரமும் மாறி, பேரினமும் மாறியிருக்கிறது. இதன் வாழிடமோ நமது பெரிய தேயிலைத் தோட்டம் ஒன்றின் பரப்புக்குள் அடங்கிவிடும்.

முதலில் கலைச்சொற்களை முடிவுசெய்துகொள்ளுங்கள்

எழுதத் தொடங்கும்முன் எந்தக் கலைச்சொற் தொகுதியைப் பின்பற்றப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். இலங்கைப் பாடநூல்கள் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்ற வரிசையில் எழுதுகின்றன. தமிழ்நாட்டு நூல்களில் கணத்துக்குத் தொகுதி, வருணத்துக்கு வரிசை, சாதிக்குப் பேரினம், இனத்துக்குச் சிற்றினம் என்ற சொற்களைக் காண்பீர்கள். இணையத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால், ஒரே கட்டுரையின் முதற்பத்தியில் சாதி என்றும் மூன்றாம் பத்தியில் பேரினம் என்றும் எழுதி, இவை இரண்டும் வெவ்வேறு படிநிலைகள் என்று வாசகர் நினைக்கும்படி செய்துவிடுகிறோம். பரீட்சைக்கு எழுதும் மாணவர் பாடநூலில் உள்ளபடி சாதி என்றே எழுத வேண்டும். பொது வாசகருக்கு எழுதும்போது நான் பேரினம் என்ற சொல்லையே விரும்புகிறேன், ஏனெனில் சாதி என்ற சொல் நம் மக்களின் வாழ்வில் சுமந்து நிற்கும் பொருள் வேறு. அதை ஒரு வண்டின் தலையிலும் ஏற்ற வேண்டியதில்லை. இனத்துக்குக் கீழுள்ள படியைத் துணையினம் என்கிறேன். உபவினம் என்று எழுதுவோரும் உண்டு, அதிலும் தவறில்லை. ஒன்றைத் தேர்ந்தால் கடைசிவரை அதையே வைத்திருங்கள்.

ஆங்கிலத்தில் வழங்கும் பொதுப்பெயரைத் தமிழாக்குவதிலும் ஒரு கவனம் வேண்டும். புலிவண்டு என்பது விளக்கப்பெயர், அதைத் தமிழாக்கலாம். சோல்ட் கிரீக் என்பதோ ஓர் ஓடையின் ஊர்வழக்குப் பெயர். அதை உப்போடை என்று மாற்றினால், வாசகர் வரைபடத்தில் தேடும்போது அந்த இடம் கிடைக்காது. நானு ஓயாவை வேற்று மொழிக்காரர் மொழிபெயர்த்து எழுதினால் நமக்கு எப்படி அடையாளம் தெரியாமற் போகுமோ, அப்படித்தான் இதுவும்.

பெயரை வாசிக்கும் முறை

இனத்தின் பெயர் இரண்டு சொல். துணையினத்தின் பெயர் மூன்று சொல். இந்த முறையை நமக்குத் தெரிந்த விலங்கில் பழகிக்கொண்டு பிறகு வண்டுக்குப் போவது எளிது. நம் தோட்டங்களில் நாய் பிடிக்க வரும் சிறுத்தையின் முழுப் பெயரை இப்படி எழுதுவார்கள்:

பந்தேரா பார்டஸ் கொட்டியா தெரணியகல, 1956

இந்தியச் சிறுத்தையின் பெயர் இப்படி இருக்கும்:

பந்தேரா பார்டஸ் பியூஸ்கா (மேயர், 1794)

முதற்சொல் பேரினம், இரண்டாவது இனம், மூன்றாவது துணையினம். அதன்பின் வருவது அந்தத் துணையினப் பெயரை முதன்முதலில் வெளியிட்டவரின் பெயரும், வெளியான ஆண்டும். இரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்: தெரணியகலவின் பெயர் வெறுமனே நிற்கிறது, மேயரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. தெரணியகல தன் சிறுத்தைக்குப் பெயரிட்டபோதே அதைப் பந்தேரா என்ற பேரினத்தில் வைத்தார். இன்றும் அது அங்கேயே இருக்கிறது. மேயர் 1794இல் தன் சிறுத்தையைப் பேலிஸ் என்ற பூனைப் பேரினத்தில் வைத்தார். பின்னர் வந்தவர்கள் அதைப் பந்தேராவுக்கு மாற்றினார்கள். பேரினம் மாறியது என்பதற்கு அடையாளம்தான் அந்த அடைப்புக்குறி. அச்சில் அது ஓர் அலங்காரம் என்று நினைத்து மாணவர்கள் எல்லாப் பெயர்களுக்கும் போட்டுவிடுகிறார்கள், அல்லது எல்லாவற்றிலும் எடுத்துவிடுகிறார்கள். அனைத்துலக விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்பில் இது ஒரு விதி. அடைப்புக்குறியைச் சேர்த்தாலும் நீக்கினாலும் நீங்கள் ஒரு வரலாற்றுத் தகவலை மாற்றிச் சொல்கிறீர்கள்.

இப்போது நமது வண்டு. ஜோன் லாரன்ஸ் லெகொன்ட் என்ற அமெரிக்க வண்டியலாளர் 1875இல் சிசின்டெலா நெவாடிகா என்ற இனத்துக்குப் பெயர் வைத்தார். தோமஸ் லிங்கன் கேசி 1916இல் லிங்கன் நகரத்துப் புலிவண்டைத் தனி இனமாகக் கருதிச் சிசின்டெலா லிங்கனியானா என்று விவரித்தார். 1967இல் ஹரோல்ட் வில்லிஸ், ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள உவர்நிலப் புலிவண்டுகளை ஆராய்ந்து, இது நெவாடிகா இனத்தின் ஒரு துணையினமே என்று வைத்தார். அதற்குப் பிறகு, சிசின்டெலா என்ற மிகப் பெரிய பேரினத்தைப் பிரித்தவர்கள் நெவாடிகாவையும் அதன் நெருங்கிய உறவுகளையும் எல்லிப்சோப்டெரா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். ஆகவே ஒரே வண்டை மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள்:

சிசின்டெலா லிங்கனியானா கேசி, 1916
சிசின்டெலா நெவாடிகா லிங்கனியானா கேசி, 1916
எல்லிப்சோப்டெரா நெவாடிகா லிங்கனியானா (கேசி, 1916)

முதல் வரியிலிருந்து இரண்டாவதற்கு வரும்போது இனம் துணையினமாக இறங்கியது. ஆனால் பேரினம் மாறவில்லை, ஆதலால் அடைப்புக்குறி வரவில்லை. தரத்தை இறக்கியவர் வில்லிஸ் என்றாலும் பெயருக்கு உரியவர் கேசியே. ஆண்டும் 1916தான், 1967 அன்று. மூன்றாவது வரியில் பேரினம் மாறியது, அடைப்புக்குறி வந்தது. மாணவர்களிடம் இந்த மூன்று வரிகளையும் கரும்பலகையில் எழுதிக்காட்டி, எந்த வரியில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்று கேட்டாலே போதும், பெயரீட்டைப் பற்றி ஒரு தவணை முழுவதும் சொல்ல வேண்டியதில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

சொற்களின் பொருளையும் தேடிப் பாருங்கள், ஆனால் அதை அளவோடு நம்புங்கள். நெவாடிகா என்றால் நெவாடா மாநிலத்துக்குரியது என்று பொருள்; லெகொன்டின் இனம் அங்கிருந்து பெயர் பெற்றது. அதனால் நெப்ராஸ்காவில் வாழும் துணையினமும் நெவாடாவில் இருப்பதாக எழுதிவிடக் கூடாது. லிங்கனியானா என்பது லிங்கன் நகருக்குரியது. பெயரிட்டவரின் பெயரிலேயே லிங்கன் இருப்பதால் அவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டார் என்று எண்ணத் தோன்றலாம். அது ஊரின் பெயர். முடிவில் வரும் ஆனா என்ற விகுதி, சிசின்டெலா இலத்தீனில் பெண்பாற் சொல்லாக இருப்பதால் வந்தது. எல்லிப்சோப்டெராவும் பெண்பாலே, எனவே பேரினம் மாறியும் விகுதி மாறவில்லை. ஆண்பாற் பேரினத்துக்குள் போயிருந்தால் லிங்கனியானஸ் என்று ஆகியிருக்கும். தமிழ் எழுத்தில் ஒலிபெயர்க்கும்போது இந்த விகுதிகளைச் சுருக்கிவிடாமல் இருப்பது நல்லது.

கேசியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் அமெரிக்கப் படையின் பொறியியலாளர். ஆயிரக்கணக்கான வண்டுகளுக்குப் பெயரிட்டவர். மிகச் சிறிய வேறுபாட்டையும் தனி இனமாகக் கண்டார் என்பது பிற்கால ஆய்வாளர்கள் அவர்மீது வைத்த குறை. அவர் வைத்த பெயர்களில் பலவற்றை அவர்கள் பழைய பெயர்களோடு இணைத்துவிட்டார்கள். ஆகையால் ஒரு வண்டின் பெயருக்குப் பின்னால் கேசி என்று கண்டால், அந்தப் பெயர் இன்றும் ஏற்கப்படுகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். லிங்கனியானா என்ற பெயர் அந்தச் சோதனையில் தரம் இறங்கியது, அழியவில்லை.

வகைமாதிரி என்னும் நங்கூரம்

பெயர் ஒன்று இறுதியில் கட்டுப்பட்டிருப்பது விவரணைக்கு அன்று, ஊசியில் குத்தி வைத்த ஒரு மாதிரிக்கு. அதையே வகைமாதிரி என்கிறோம். கேசியின் சேகரிப்பு வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வகைமாதிரி எந்த ஊரில் பிடிபட்டது என்பதைக் கட்டுரையில் தவறாமல் சொல்லுங்கள். பரவலைப் பற்றிய பேச்சு முழுவதும் அந்த ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை மலையகத்தார் நாம் சொந்த அனுபவமாகவே அறியலாம். தேயிலைத் தண்டைத் துளைக்கும் ஷொட் ஹோல் போரரை அறியாத தோட்டம் இல்லை. கவாத்துக் கத்தி பட்டதும் வாது ஒடிந்து, உள்ளே கறுத்த சுரங்கம் தெரியும். அந்த வண்டுக்கு 1868இல் ஐக்கொஃப் என்பவர் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்துப் பெயரிட்டார். ஒன்றரை நூற்றாண்டு அது ஒரே இனம் என்றே பேசப்பட்டது. 2018இலும் 2019இலும் வெளியான ஆய்வுகள், அந்த ஒரே பெயருக்குள் பார்வைக்கு ஒத்த பல இனங்கள் ஒளிந்திருப்பதை எடுத்துக்காட்டின. பழைய பெயர் அவற்றில் எதற்கு உரியது என்பதைத் தீர்மானிக்க 1868ஆம் ஆண்டின் அந்த இலங்கை மாதிரியிடமே திரும்பிப் போக வேண்டியிருந்தது. இன்று அந்தப் பெயர், கலிபோர்னியாவில் மரங்களைத் துளைத்துப் பெருஞ்சேதம் விளைவிக்கும் வண்டையும் குறிக்கிறது. ஊசிமுனையிலுள்ள ஒரு சிறு வண்டு இரண்டு கண்டங்களின் பேச்சைத் திருத்துகிறது.

மாதிரியோடு குத்தியிருக்கும் சிட்டையை வாசிக்கப் பழகுங்கள். ஜோர்ஜ் லூயிஸ் என்ற தேயிலை வணிகர் இலங்கையில் சேகரித்த வண்டுகளின் சிட்டைகளில் டிக்கோயா, 3,800 முதல் 4,200 அடி, 1881 டிசம்பர் முதல் 1882 ஜனவரி வரை என்றும், பொகவந்தலாவை என்றும் காணலாம். பூண்டுலோயாவில் வாழ்ந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன், தான் பெயரிட்ட செதிற்பூச்சிகள் பலவற்றுக்கு அந்த ஊரையே இடமாகக் குறித்தார். நம் ஊர்ப் பெயர்கள் இலண்டன் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் இப்படி இருக்கின்றன என்று சொன்னால் மாணவர்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிட்டையில் நான்கு தகவல்கள் உள்ளன: இடம், உயரம், திகதி, பிடித்தவர். இந்த நான்கும் இருந்தால் அது ஒரு பதிவு. யாரோ எங்கேயோ கண்டதாகச் சொன்னது பதிவு ஆகாது.

வகைப்பாடு

மேற்படிகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம், அவற்றில் பிணக்கு இல்லை. விலங்கு இராச்சியம், ஆத்திரப்போடா கணம், பூச்சி வகுப்பு, கோலியோப்டெரா வருணம். முன்சிறகுகள் இரண்டும் கடினமான மூடியாகிப் பின்சிறகுகளைக் காப்பது இந்த வருணத்தின் அடையாளம். அதற்குள் அடிபேகா என்ற துணைவருணம்.

குடும்பத்தில்தான் நிற்க வேண்டும். புலிவண்டுகளைச் சிசின்டெலிடே என்ற தனிக் குடும்பமாக வைப்பதா, தரைவண்டுகளின் கராபிடே குடும்பத்துக்குள் சிசின்டெலினே என்ற துணைக்குடும்பமாக வைப்பதா என்பது நீண்ட காலமாக நடந்த வாதம். 2020இல் மரபணுத் தரவுகளைக் கொண்டு வெளியான ஆய்வு தனிக் குடும்பம் என்பதை ஆதரித்தது. ஆனால் அமெரிக்க அரசின் பழைய ஆவணங்களில் கராபிடே என்றே இருக்கிறது. இரண்டில் எதை எழுதினாலும், மற்றதும் வழக்கில் இருப்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் வாசகர் குழம்ப மாட்டார். பேரினத்துக்கும் இதே முறைதான்: அமெரிக்க அரசின் ஆபத்துக்குள்ளான உயிரினங்களின் பட்டியலில் இந்த வண்டு சிசின்டெலா என்ற பழைய பேரினத்தின் பெயரில் இருக்கிறது, அண்மைய வண்டியல் நூல்களில் எல்லிப்சோப்டெரா. தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஒன்றில் மட்டும் தேடினால் பாதித் தகவல்தான் கைக்கு வரும்.

துணையினம் என்ற படியின் பொருளையும் கட்டுரையில் ஒரு சொல்லாவது விளக்குங்கள். ஒரே இனத்தின் குடிகள், அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் கூட்டங்கள், வெவ்வேறு நிலப்பரப்பில் பிரிந்து வாழ்ந்து, நிறத்திலோ அடையாளத்திலோ நிலையாக வேறுபட்டால் அவற்றைத் துணையினங்கள் என்கிறார்கள். அமெரிக்கப் பறவையியலாளர் டீன் அமடொன் 1949இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பின் நூற்றுக்கு எழுபத்தைந்து என்ற அளவுகோல் பரவலாகப் பேசப்பட்டது: ஒரு குடியின் உயிரிகளில் முக்கால் பங்கையாவது மற்றக் குடியிலிருந்து பிரித்தறிய முடிய வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே துணையினத்துக்கு இடம் என்பது பிறகு சேர்க்கும் தகவல் அன்று. அதன் வரைவிலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. ஒரே மேட்டில் ஒரே பருவத்தில் இரண்டு நிற வண்டுகள் கலந்து வாழ்ந்தால், அவற்றை இரண்டு துணையினங்கள் என்று எழுதக் கூடாது.

நெவாடிகா இனத்தில் பல துணையினங்கள் உண்டு. அவற்றுள் க்னௌசி என்பது பெருஞ்சமவெளிப் பகுதியில் அகன்று பரந்தது. லிங்கனியானா அதற்கு மிக நெருக்கமானது. சுமார் 1.3 சென்ரிமீற்றர் நீளம், மேற்புறம் உலோகப் பளபளப்புள்ள கபிலம் முதல் கருமை கலந்த ஒலிவ் பச்சை வரை, அடிப்புறம் கரும்பச்சை. முன்சிறகிலுள்ள வெண்மை நிறக் கோடுகள் க்னௌசியை விட இதில் குறைந்து காணப்படும். இப்படி அடுத்த துணையினத்தோடு ஒப்பிட்டுத்தான் வருணிக்க வேண்டும். தனியாக அழகை மட்டும் வருணித்தால் அது எந்தப் புலிவண்டுக்கும் பொருந்திவிடும்.

பரவலை எழுதுவது

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். பிழை அதிகம் நேர்வது இங்கேதான், நானும் செய்திருக்கிறேன். கண்காட்சிப் பலகை ஒன்றுக்குப் பரவல் என்ற தலைப்பின்கீழ் நெப்ராஸ்கா என்று ஒரே சொல்லில் எழுதி, அமெரிக்க வரைபடத்தில் அந்த மாநிலம் முழுவதற்கும் சிவப்பு வர்ணம் பூசக் கொடுத்தேன். பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி, "சேர், நெப்ராஸ்கா எவ்வளவு பெரிசு?" என்று கேட்டாள். தேடிப் பார்த்தோம். சுமார் இரண்டு இலட்சம் சதுரக் கிலோமீற்றர். இலங்கையைப் போல மூன்று மடங்கு. அந்த வண்டுக்கென அமெரிக்க அரசு 2014இல் வரையறுத்த முக்கிய வாழிடமோ 1,110 ஏக்கர். அவளுடைய அப்பா வேலை செய்த தோட்டத்தின் ஏக்கர்க் கணக்கு அவளுக்குத் தெரியும். நம் தோட்டத்தளவுதானே என்றாள். பலகையைப் பிரித்து, சிவப்பை அழித்து, லிங்கனுக்கு வடக்கே ஒரு பென்சில் புள்ளி வைத்தோம்.

மாநிலத்தின் பெயரில் நிற்காதீர்கள். மாவட்டத்துக்கு இறங்குங்கள்: லங்காஸ்ரர் கவுன்ரியும் அதை ஒட்டிய சோண்டர்ஸ் கவுன்ரியும். அதற்கும் கீழே ஓடைகளுக்கு இறங்குங்கள்: லிட்டில் சோல்ட் கிரீக், ரொக் கிரீக் போன்றவை. பிறகு, ஏன் அங்கே மட்டும் என்ற கேள்விக்கு விடை தேடுங்கள். டகோட்டா மணற்கல் எனப்படும் பாறைப் படையினூடாக ஊறும் நிலத்தடி நீர் உப்பைச் சுமந்துகொண்டு இந்தப் பள்ளங்களில் மேலே கசிகிறது. வெயிலில் நீர் வற்ற, சேற்றின்மேல் வெண்ணிற உப்புப் படர்ந்து, புல் முளைக்காத திறந்த நிலம் உண்டாகிறது. பெண்வண்டு அந்த ஈரமான உவர்மண்ணில் முட்டையிடுகிறது. வெளிவரும் குடம்பி செங்குத்தான பொந்து தோண்டி, தட்டையான தன் தலையால் வாயிலை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. கடந்துபோகும் சிறு பூச்சியைப் பிடிக்கப் பின்புறமாக வளைந்து பாய்கிறது. அதன் முதுகில் வயிற்றுப் பகுதியின் ஐந்தாம் வளையத்தில் கொக்கிகள் உள்ளன. இரை இழுத்தாலும் பொந்திலிருந்து வெளியே வந்துவிடாதபடி அவை சுவரில் ஊன்றிப் பிடித்துக்கொள்கின்றன. நம் மண்பாதையோரங்களிலும் பென்சில் நுழையுமளவு உருண்டைத் துளைகளைத் தேடிப் பாருங்கள்; அசையாமல் குந்தியிருந்தால், துளையின் வாயில் ஒரு சிறு மூடி மெல்ல மேலே வருவதைக் காணலாம். அதுவும் ஒரு புலிவண்டுக் குடம்பியின் தலையாக இருக்கக்கூடும். லிங்கனியானாவின் வாழ்க்கை வட்டம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அதில் வளர்ந்த வண்டாக வெளியே தெரிவது மே இறுதியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரையிலான சில வாரங்களே. எனவே பரவலோடு பருவத்தையும் சேர்த்து எழுதுங்கள். செப்டெம்பரில் போய்த் தேடிக் காணாதவர், அங்கே வண்டு இல்லை என்று பதிவிட்டால் அது பிழையான பதிவு.

முன்பு இருந்த பரவலையும் இப்போதைய பரவலையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். லிங்கன் நகரம் வளர்ந்து, உவர்நிலங்களை வடித்து, ஓடைகளை நேராக்கி, கட்டடங்கள் எழும்பியபோது, வண்டு வாழ்ந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. 2005 ஒக்ரோபரில் இது அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. இங்கே மூன்றாவது சொல்லின் பெறுமதியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு ஆபத்துக்குள்ளான உயிரினங்கள் சட்டப்படி, முள்ளந்தண்டுள்ள விலங்குகளில் ஒரு தனிக் குடியைக்கூடப் பட்டியலிடலாம். பூச்சிகளுக்கு அந்த வழி இல்லை. அவற்றில் பட்டியலிடக்கூடிய மிகச் சிறிய அலகு துணையினம். கேசி வைத்த பெயர் க்னௌசிக்குள் கரைந்து மறைந்திருந்தால், லிங்கன் ஓரத்து இந்தச் சில நூறு வண்டுகளுக்குச் சட்டத்தில் நிற்க இடமே இருந்திராது.

வரைபடத் தளங்களைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சரியான இடத்தை வேண்டுமென்றே மறைத்து, சுற்றியுள்ள பெரிய சதுரத்துக்குள் எங்கேனும் ஒரு புள்ளியைக் காட்டும். திருடர் கையில் இடம் போய்விடாமலிருக்க அது நல்ல ஏற்பாடு. அந்தப் புள்ளியை நம்பி அயற்கிராமம் ஒன்றின் பெயரைப் பரவலில் எழுதிவிடாதீர்கள்.

அடையாளம் எதனால் உறுதியானது என்பதையும் கேளுங்கள். இதற்குக் கலிபோர்னியாவின் டெஸ்மொசெரஸ் கலிபோர்னிகஸ் டைமோர்பஸ் என்ற நீள்கொம்பு வண்டு நல்ல பாடம். 1921இல் ஃபிஷர் பெயரிட்ட இந்தத் துணையினம் மத்திய பள்ளத்தாக்கில் எல்டர்பெரிச் செடியின் தண்டுக்குள் குடம்பியாக வளர்கிறது. 1980இல் பட்டியலில் சேர்ந்தது. ஆண் வண்டின் செம்மஞ்சள் முன்சிறகில் நான்கு கருமையான நீள்புள்ளிகள் இருக்கும். அதை வைத்து அடுத்த துணையினத்திலிருந்து பிரிக்கலாம். ஆனால் வண்டைக் காண்பது அரிது என்பதால், தண்டில் அது வெளியேறிய துளையைக் கண்டே பல இடங்களில் பதிவுசெய்தார்கள். துளை துணையினத்தைச் சொல்லாது. 2012இல் இதைப் பட்டியலிலிருந்து நீக்க எழுந்த முன்மொழிவு 2014இல் கைவிடப்பட்டபோது, எந்தப் பதிவு உறுதியானது, எது துளையை மட்டும் நம்பியது என்ற கேள்வியும் பரவல் வரைபடத்தோடு கூடவே வந்தது. தேயிலைத் தண்டிலுள்ள துளையைக் கண்டதுமே போரர் என்று சொல்லப் பழகிய நமக்கு இந்த எச்சரிக்கை நன்றாகவே புரியும்.

இவ்வளவையும் சரிபார்த்தபின் கட்டுரையின் தொடக்கப் பத்தி எப்படி அமையலாம் என்பதற்கு, அந்த மாணவியும் நானும் சேர்ந்து பலகைக்காகத் திருத்தி எழுதியதை அப்படியே தருகிறேன்:

"சோல்ட் கிரீக் புலிவண்டு, எல்லிப்சோப்டெரா நெவாடிகா லிங்கனியானா (கேசி, 1916), கோலியோப்டெரா வருணத்தில் சிசின்டெலிடே குடும்பத்தைச் சேர்ந்தது, சில ஆவணங்கள் இதைக் கராபிடே குடும்பத்திலும் சிசின்டெலா பேரினத்திலும் வைக்கின்றன. கேசி இதைத் தனி இனமாக விவரித்தார். 1967இல் வில்லிஸ் இதை நெவாடிகா இனத்தின் துணையினமாக்கினார். பெயர் லிங்கன் நகரைக் குறிக்கிறது. இது ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கனுக்கு வடக்கேயுள்ள ஓடைகளின் உவர்ச்சேற்றில் மட்டும் வாழ்கிறது. வளர்ந்த வண்டுகளை மே இறுதி முதல் ஜூலைத் தொடக்கம் வரை காணலாம். 2005 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளது."